விஸ்வநத்தம்: நாதரா, நத்தமா?

சிவகாசி நகரத்தை ஒட்டியிருக்கும் விஸ்வநத்தத்தின் பெயர் பட்டாசு ஆலைகளின் முகவரிகளிலும் உரிமப் பத்திரங்களிலும், அவ்வப்போது வெடிவிபத்துச் செய்திகளிலும் அச்சாகிக்கொண்டே இருக்கிறது. தமிழில் எழுதும்போது அது விஸ்வநத்தம். ஆங்கில எழுத்தில் அடித்த முகவரியை வெளியூர்க்காரர் வாய்விட்டுப் படித்தால் எளிதில் விஸ்வநாதம் ஆகிவிடும். இரண்டுக்கும் இடையில் உள்ளது ஒரு நெடிலும் ஓர் ஒற்றும்தான். ஆனால் அவற்றைப் பொறுத்து ஊரின் கதையே மாறிவிடுகிறது. நாதம் என்று கொண்டால் ஊர் ஏதோ ஒரு விஸ்வநாதருக்கு உரியது. நத்தம் என்று கொண்டால், வீடு கட்டி அங்கே குடியிருந்தவர்களிடமிருந்து பெயர் தொடங்குகிறது.

இந்தப் பெயருக்குச் சொல்லக்கூடிய மூலங்களை ஒவ்வொன்றாக எடுத்து, எது எவ்வளவு பாரம் தாங்கும் என்று பார்க்கலாம். எல்லாமே கருதுகோள்கள்தான். ஆனால் கருதுகோள்கள் எல்லாம் ஒரே தரத்தவை அல்ல. ஊர்ப்பெயர் என்றதும் ஒரு ராஜாவையோ ஒரு புராணத்தையோ இழுத்துவந்து நிறுத்திவிட்டு, பெயரில் கண்ணெதிரே நிற்கும் சாதாரணச் சொல்லைப் பார்க்காமல் போகும் பழக்கம் நம்மிடம் ஆழமாக இருக்கிறது. விஸ்வநத்தத்தில் அந்தச் சாதாரணச் சொல் நத்தம். அதிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

நத்தம் என்பது தமிழ்நாட்டுக் கிராமத்தில் பட்டா வாங்க அலைந்த எவருக்கும் தெரிந்த சொல். கிராம நத்தம், நத்தம் புறம்போக்கு, நத்தம் பட்டா என்று தாலுகா அலுவலகத்தில் அன்றாடம் புழங்குகிறது. விளைநிலம் நஞ்சை, புஞ்சை எனப் பிரிந்து தீர்வை கட்டும். மக்கள் வீடு கட்டி வாழும் இடம் நத்தம் என்று தனியே நிற்கும். கிராம நத்தம் அரசுக்குச் சொந்தமான நிலம் ஆகாது, அது குடியிருப்பவர்களின் மனைதான் என்று நீதிமன்றத் தீர்ப்புகளும் பேசியிருக்கின்றன. இந்தப் பாகுபாட்டை வெள்ளைக்காரன் கொண்டுவரவில்லை. முதலாம் ராஜராஜன் தஞ்சைப் பெரிய கோயிலுக்கு ஊர்களை அளித்தபோது, வரிக் கணக்கிலிருந்து கழிக்க வேண்டிய நிலங்களைக் கல்லில் வரிசையாக வெட்டிவைத்தான். கோயில்கள், குளங்கள், ஊடறுத்துப் போகும் வாய்க்கால்கள், சேரிகள், சுடுகாடு ஆகியவற்றோடு ஊர்நத்தமும் அந்த வரிசையில் வருகிறது. ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் இருந்த பொருளும் இன்றைய நில ஆவணத்தின் பொருளும் ஏறத்தாழ ஒன்றே. இத்தனை காலம் பொருள் தேயாமல் வந்த நிலச்சொற்கள் மிகச் சில.

ஊர்ப்பெயர்களில் நத்தம் பரவலாகவே வரும். திண்டுக்கல் மாவட்டத்தில் நத்தம் என்றே ஓர் ஊர் உண்டு. பாளையங்கோட்டைப் பக்கம் கீழநத்தம், மேலநத்தம். விருதுநகர் மாவட்டத்திலேயே நத்தம்பட்டி. இடப்பெயர் ஆய்வாளர்கள் ஒரு பெயரைப் பொதுக்கூறு, சிறப்புக்கூறு என்று இரண்டாகப் பிரிப்பார்கள். பட்டி, புரம், ஊர், குளம், நல்லூர், நத்தம் போன்றவை பொதுக்கூறுகள். எந்த வகை இடம் என்று சொல்லும். அதற்கு முன்னால் வருவது சிறப்புக்கூறு. எந்தப் பட்டி, யாருடைய குளம் என்று சொல்லும். கீழநத்தத்தில் கீழ் என்பது சிறப்புக்கூறு. அந்தக் கணக்கில் விஸ்வநத்தத்தில் நத்தம் பொதுக்கூறு, விஸ்வ சிறப்புக்கூறு.

சிக்கல் இங்கேதான் தொடங்குகிறது. விஸ்வ என்பது தனியாக நின்று ஓர் ஊருக்கு அடைமொழி ஆகாது. உலகம், எல்லாம் என்று வடமொழியில் பொருள் உண்டு என்பதற்காக உலக நத்தம் என்று பொருள் சொன்னால் கேட்க நன்றாக இருக்கும். ஆனால் வீடு கட்டிய குடியானவர் யாரும் தம் மனைக்கட்டுக்கு அப்படிப் பெயர் வைப்பதில்லை. நத்தத்தின் முன்னால் திசை வரலாம், ஆள் வரலாம், சாதி வரலாம், தெய்வம் வரலாம், மரம் வரலாம். வெறும் தத்துவச் சொல் வருவதற்கு நியாயம் இல்லை. ஆகவே விஸ்வ என்பது எதனுடைய துண்டு என்று தேட வேண்டும்.

முதலில் நினைவுக்கு வருவது சிவகாசியின் காசி விஸ்வநாதர். தென்காசிப் பாண்டியரில் பெயர்பெற்றவர் பராக்கிரம பாண்டியர். 1446இல் தென்காசிக் கோயில் திருப்பணியைத் தொடங்கியவர் அவர். அவர் காசியிலிருந்து லிங்கம் கொண்டுவரும் வழியில், அதைச் சுமந்த பசு ஓரிடத்துக்கு மேல் நகர மறுத்ததாகவும், அங்கேயே லிங்கத்தை நிறுவியதால் அவ்விடம் சிவகாசி ஆனதாகவும் தலக்கதை சொல்கிறது. பசு நின்ற கதையை வரலாறாக எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை. ஆனால் அந்தக் கோயில் ஊருக்கே பெயர் தரும் அளவு செல்வாக்குப் பெற்றிருந்தது என்பது அந்தக் கதையிலேயே அடங்கியிருக்கிறது. சிவகாசிக்கே பெயர் கொடுத்த கோயில், பக்கத்து நத்தம் ஒன்றுக்கும் தன் தெய்வத்தின் பெயரைக் கொடுத்திருக்கும் என்பதை எளிதில் ஒதுக்க முடியாது. கோயிலுக்கு மானியமாக விடப்பட்ட நிலம், அந்த நிலத்தை உழுதவர்களின் குடியிருப்பு, விஸ்வநாதர் நத்தம். தென்னாட்டில் இப்படி உண்டான ஊர்கள் ஏராளம்.

அடுத்தவர் விஸ்வநாத நாயக்கர். 1529இல் மதுரை நாயக்க அரசைத் தொடங்கியவர் என்று பொதுவாகச் சொல்லப்படுபவர். தளவாய் அரியநாத முதலியாரோடு சேர்ந்து தென்னாட்டை எழுபத்திரண்டு பாளையங்களாகப் பிரித்தவர் என்பது வழிவழியாக வரும் செய்தி. தெலுங்கும் கன்னடமும் பேசும் குடிகள் இந்தக் கரிசல் சீமையில் வந்து அமர்ந்ததும் விஜயநகர, நாயக்கர் காலத்தோடு தொடர்புடையதுதான். ஆகவே அரசர் பெயரில் ஒரு குடியிருப்பு எழுந்தது என்பதும் நடக்கக்கூடியதே. ஆனால் ஒரு தயக்கம். அரசர் பெயரில் ஊர் எழுந்தால் அது பெரும்பாலும் புரமாகவோ சமுத்திரமாகவோ மங்கலமாகவோ எழும். அரசர் பெயருக்கு நத்தம் சற்று எளிய சொல்.

இந்தக் குழப்பத்துக்கு இதே மாவட்டத்தில் ஒரு நல்ல துணை இருக்கிறது. ராஜபாளையம் வட்டாரத்தில் உள்ள சொக்கநாதன்புத்தூர். சொக்கநாதர் மதுரையில் மீனாட்சியோடு வீற்றிருக்கும் கடவுள். சொக்கநாத நாயக்கர் 1659 முதல் 1682 வரை ஆண்ட அரசர். பெயரை மட்டும் வைத்துக்கொண்டு கடவுளா அரசரா என்று யாராலும் பிரிக்க முடியாது, ஏனென்றால் அரசருக்கே கடவுளின் பெயர்தான் வைத்திருந்தார்கள். விஸ்வநாத நாயக்கர் பெயரிலும் இதே நிலைமை. மூன்றாவது ஒருவரும் இருக்கலாம். கடவுளும் அரசரும் அல்லாத, முதலில் குடியேறிய ஒரு சாதாரண விசுவநாதன். காசி விஸ்வநாதர் கோயிலைச் சுற்றியுள்ள ஊர்களில் காசி, விசுவநாதன், விசாலாட்சி என்று பிள்ளைகளுக்குப் பெயரிடுவது வழக்கம்தானே. சிறிய ஊர்களின் பெயர்களில் கல்வெட்டு ஏறாத இப்படிப்பட்ட ஆட்களே அதிகம் ஒளிந்திருக்கிறார்கள் என்பது என் நம்பிக்கை.

நான்காவது வழி விஸ்வகர்மா. நத்தங்களும் சேரிகளும் தொழிலாலும் சாதியாலும் பெயர் பெற்றது உண்மை. மேலே சொன்ன தஞ்சைக் கல்வெட்டின் வரிசையிலேயே கம்மாணச்சேரி இருக்கிறது. விஸ்வகர்மர் நத்தம் சுருங்கி விஸ்வநத்தம் ஆயிற்று என்று ஒருவர் சொன்னால் முதல் பார்வையில் மறுக்கத் தோன்றாது. ஆனால் கால ஒழுங்கு இடிக்கிறது. தச்சரும் கொல்லரும் தட்டாரும் பழைய தமிழில் கம்மாளர். விஸ்வகர்மா என்பது சாதிப்பெயராகப் பொதுப்புழக்கத்தில் பரவியது பிற்காலத்தில். இதற்குச் சான்றைத் தூரத்தில் தேட வேண்டியதில்லை. விஸ்வநத்தத்துக்குப் பக்கத்தில் உள்ள திருத்தங்கலில் சங்ககாலத்திலேயே ஒரு தட்டாரப் புலவர் இருந்தார். அவர் பெயரைத் தொகைநூல்கள் தங்கால் பொற்கொல்லன் வெண்ணாகனார் என்றே சொல்கின்றன. பொற்கொல்லன் என்ற நல்ல சொல் புழங்கிய மண்ணில், ஊருக்குப் பெயர் வைக்கும்போது மட்டும் விஸ்வகர்மா வந்தது என்பதை ஏற்பது கடினம்.

திருத்தங்கலைத் தொட்டதால் இன்னொன்றையும் சொல்ல வேண்டும். தங்கால் என்று சங்கப் புலவர்களின் பெயரிலும் சிலப்பதிகாரத்திலும், திருத்தண்கால் என்று ஆழ்வார்களிடம், திருத்தங்கல் என்று இன்றைய பலகையில் அந்த ஊர் எழுதப்பட்டு வந்திருக்கிறது. சிலப்பதிகாரத்தின் கட்டுரை காதையில், பாண்டியன் தவறாகச் சிறையிட்ட வார்த்திகனுக்கு ஈடாகக் கொடுத்த ஊர்களில் தங்காலும் ஒன்று. கால் என்றால் காற்று, தண்கால் என்றால் குளிர்ந்த காற்று என்ற விளக்கம் பிறகு அதன்மேல் ஏறியது. இத்தனை நூற்றாண்டுச் சான்று இருக்கும் ஊருக்கே நெடில் குறுகுவதும் மெய் மாறுவதும், புதுப் பொருள் ஏறுவதும் நடந்திருக்கிறது. ஆகவே விஸ்வநத்தத்தின் இன்றைய வடிவத்தையும் தொடக்க வடிவம் என்று அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது.

அப்படியானால் விஸ்வநாதம் என்பதே பழைய வடிவமாக இருந்து, பேச்சில் விஸ்வநத்தம் ஆகியிருக்குமா? ஒலியைக் கேட்டால் எனக்கு அது ஒப்பவில்லை. நாதன் என்பதில் இரண்டு உயிருக்கு நடுவே வரும் த மெல்லென்று குழையும். நத்தம் என்பதில் அது இரட்டித்து வல்லென்று ஒலிக்கும். நெடில் குறுக வேண்டும், கூடவே தனி மெய் இரட்டிக்கவும் வேண்டும். அப்படி இரட்டிப்பதற்கு ஒரு காரணமும் வேண்டும். இதே பட்டாசுச் சீமையின் சொல் ஒன்றைப் பாருங்கள்: மத்தாப்பு. நிலவொளியைக் குறிக்கும் மஹ்தாப் என்ற பாரசீகச் சொல்லிலிருந்து வந்தது. அங்கே த இரட்டித்ததற்குக் காரணம் தெளிவு. முன்னால் நின்ற ஹ் கரைந்து அந்த இடத்தைத் த் நிரப்பிக்கொண்டது. நாதம் என்பதில் கரைவதற்கு எந்த மெய்யும் இல்லை.

பெயர் அமைப்பும் அதற்கு எதிராகவே நிற்கிறது. ராமேஸ்வரம் என்று ஊர் இருக்கிறதே, விஸ்வநாதம் ஏன் இருக்கக்கூடாது என்று கேட்கலாம். ஈஸ்வரம் என்பது சிவன் கோயிலைக் குறிக்கும் சொல்லாகவே தமிழில் நிலைத்துவிட்டது. அதனால் அது பொதுக்கூறாக நிற்க முடிந்தது. நாதம் கோயிலும் அல்ல, ஊரும் அல்ல; தமிழனின் காதில் அது ஓசை. நாதர் பெயரில் ஊர் எழும்போது பின்னால் இன்னொரு சொல் சேர்ந்தே வருகிறது. ராமநாதபுரம் அப்படி. மதுரையில் விஸ்வநாதபுரம் அப்படி. தென்காசி மாவட்டத்தில் சிவகிரிப் பக்கம் உள்ள விஸ்வநாதப்பேரியும் அப்படித்தான்.

கடைசி இரண்டு பெயர்களும்தான் எனக்கு விடையின் பக்கம் கை காட்டுகின்றன. விஸ்வநாதரோடு புரம் சேர்ந்தபோது நாத அப்படியே இருக்கிறது. பேரி சேர்ந்தபோதும் இருக்கிறது. நத்தம் சேர்ந்தால் என்ன ஆகும்? விஸ்வநாதநத்தம். இதை வேகமாகச் சொல்லிப் பார்த்தால் போதும். நாத, நத்த என்று ஒத்த அசைகள் அடுத்தடுத்து வந்து நாக்கில் முட்டிக்கொள்கின்றன. இரண்டில் ஒன்று உதிர வேண்டும். ஊர் என்ற பொருளைச் சுமப்பது நத்தம், ஆகவே அது உதிராது, உதிர்ந்தது நாத. மிஞ்சியது விஸ்வநத்தம்.

இப்படி அசை உதிர்வது தமிழுக்குப் புதிதல்ல. இலக்கணிகள் இதை மரூஉ என்ற தலைப்பில் அடக்கினார்கள். அருமருந்தன்ன பிள்ளை என்பது அருமந்த பிள்ளை ஆனதை எல்லாப் பள்ளிப் புத்தகங்களும் சொல்லும். அங்கே இருமுறை வரும் ரு ஒருமுறைக்குக் குறைந்ததைக் கவனியுங்கள். மலையமான் நாடு மலாடு ஆயிற்று. சோழநாடு சோணாடு ஆயிற்று. வாய் மட்டுமல்ல, கையும் இதைச் செய்திருக்கக் கூடும். ஓலையில் மெய்யெழுத்துக்குப் புள்ளி வைப்பதில்லை. விசுவநாதநததம என்று வரிசையாக எழுதப்பட்டதைப் பார்த்து எழுதும் கணக்கனின் கண், முதல் ந விலிருந்து இரண்டாம் ந வுக்குத் தாவுவது மிக எளிது. ஏடு பெயர்த்தெழுதுவோர் அனைவரும் அறிந்த வழுக்கல் அது. வாயில் உதிர்ந்ததும் ஏட்டில் உதிர்ந்ததும் ஒரே முடிவைத் தரும் என்பதால் இந்த விளக்கம் மற்றவற்றைவிடப் பலமாக நிற்கிறது. விசுவநாதனை விசுவன் என்று சுருக்கி அழைத்து, விசுவன் நத்தம் என்றாகியிருந்தாலும் சேரும் இடம் இதேதான்.

ஊர்ப்பெயர்களுக்குக் கதை எப்படி முளைக்கிறது என்பதற்கு மாவட்டத் தலைநகரே பாடம். விருதுநகர் 1923 வரை விருதுபட்டி. எதிரில் வந்தவரை எல்லாம் சவாலுக்கு அழைத்து விருதுக்கொடிகளோடு திரிந்த ஒரு வீரனை இவ்வூர்க்காரர் ஒருவர் வென்று, அவன் விருதுகளை வெட்டியதால் விருதுவெட்டி, பிறகு விருதுபட்டி என்பது கதை. கதை அழகு. ஆனால் பட்டி என்பது கரிசல் காட்டில் தடுக்கி விழுந்தால் எதிர்ப்படும் பொதுக்கூறு. அதைப் பிறப்பிக்க ஒரு வாள்வீச்சு தேவையில்லை. அறியாத சிறப்புக்கூறை விளக்கப் போய், அறிந்த பொதுக்கூறையும் கதைக்குள் இழுத்துக்கொள்வது நாட்டார் விளக்கங்களின் வழக்கம். நத்தத்தை நாதமாக்குவதும் அதே வழக்கத்தின் இன்னொரு முகம். முதுகுன்றம் விருத்தாசலம் ஆனது, மறைக்காடு வேதாரண்யம் ஆனது எல்லாம் நாம் அறிந்தவை. எளிய சொல்லைவிடத் தெய்வச் சாயல் உள்ள சொல் உயர்ந்தது என்ற எண்ணம் பெயர்களின்மேல் தொடர்ந்து வேலை செய்திருக்கிறது. யாரும் ஆணையிடாமலேயே விஸ்வநத்தம் விஸ்வநாதமாக மாறிவிடக்கூடும் என்பதுதான் என் கவலை.

அந்த மாற்றத்துக்கு ஆங்கில எழுத்து வழி திறந்து வைத்திருக்கிறது. அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா சென்று தீப்பெட்டித் தொழிலைக் கற்றுத் திரும்பியது 1923இல். அதன்பின் தீப்பெட்டி, அச்சு, பட்டாசு என்று சிவகாசி விரிந்தபோது, சுற்றியுள்ள ஊர்களின் பெயர்கள் வட இந்தியச் சந்தை வரை ஆங்கில எழுத்திலேயே பயணம் செய்தன. நாதத்துக்கும் நத்தத்துக்கும் அந்த எழுத்தில் ஒரே வடிவம். 2020 ஜூனில் தமிழக அரசு 1018 ஊர்களின் ஆங்கில எழுத்துக்கோவையைத் தமிழ் ஒலிப்புக்கு ஏற்ப மாற்றி ஆணை வெளியிட்டுச் சில நாட்களிலேயே திரும்பப் பெற்றது நினைவிருக்கும். அந்த ஆணையின் எழுத்துமுறையைப் பலர் பரிகசித்தார்கள். குறை இருந்தது உண்மை. ஆனால் அது எழுப்பிய கேள்வி சரியானது.

நத்தம் என்ற சொல்லை இழக்கக் கூடாது என்பதற்கு இந்த ஊரில் கூடுதல் காரணம் இருக்கிறது. வெடிமருந்துச் சட்டவிதிகள் ஆலைக்கும் குடியிருப்புக்கும் இடையே குறிப்பிட்ட இடைவெளி வேண்டும் என்கின்றன. மருந்து கலக்கும் அறைகள் காட்டுக்குள் தள்ளித் தள்ளி நிற்பது அதனால்தான். நத்தம் என்பது மக்கள் படுத்து உறங்கும் இடத்தின் எல்லையைக் குறித்த பழைய சொல். காலையில் அந்த எல்லையைத் தாண்டி ஆலைக்குப் போகிறவர்கள் மாலையில் திரும்பி வரும் இடமும் அதுதான். ஊரின் பெயரிலேயே அந்த எல்லை எழுதியிருக்கிறது.

இனி இந்தக் கருதுகோளைச் சோதிக்கும் வழி. இந்த வட்டாரம் 1910 வரை திருநெல்வேலி மாவட்டத்தில் இருந்தது. அந்த ஆண்டு ராமநாதபுரம் மாவட்டம் உருவானபோது அதில் சேர்ந்தது. 1985இல் காமராஜர் மாவட்டம் ஆகி, பின்னர் விருதுநகர் மாவட்டம் என்று பெயர் மாறியது. ஆகவே பழைய காகிதங்களை விருதுநகர் என்ற பெயரில் தேடுகிறவர் வெறுங்கையோடு திரும்புவார். திருநெல்வேலிச் சீமையின் கட்டுகளில் தேட வேண்டும். 1858இல் அமைந்த இனாம் கமிஷனின் பதிவேடுகளில், மானிய நிலம் எந்தத் தெய்வத்துக்கு, யாரால் விடப்பட்டது என்று கிராமம் கிராமமாக எழுதியிருப்பார்கள். சிவகாசி விஸ்வநாதர் கோயிலின் மானியக் கணக்கில் இவ்வூர் நிலம் இருந்தால் கடவுளின் பக்கம் தராசு சாயும். நாயக்கர் காலச் செப்பேட்டில் ஊர் வந்தால் அரசரின் பக்கம் சாயும். இரண்டிலும் வராமல், பழைய கிராமக் கணக்கில் மட்டும் வந்தால் பெயரற்ற அந்த விசுவநாதனுக்கே உரிமை கூடும்.

இந்த மூன்றில் எது வென்றாலும் நத்தம் அசையாது. அதை அசைக்க வேண்டுமானால் பதினெட்டாம் நூற்றாண்டுக்கு முந்தைய தமிழ் ஆவணம் ஒன்றில் நெடிலோடு, ஒற்றில்லாமல், பின்னால் வேறு சொல் எதுவும் சேராமல் விஸ்வநாதம் என்று ஊர்ப்பெயர் எழுதியிருக்க வேண்டும். ஆங்கிலப் பதிவேடுகள் இதற்குச் சாட்சி ஆகா. ஒரே ஒரு விதிவிலக்கு உண்டு. பழைய கும்பினிக் காலத்து எழுத்தர்கள் நத்தத்தை எழுதும்போது டி என்ற ஆங்கில எழுத்தை இரண்டுமுறை போடுவதுண்டு. திருநெல்வேலிக் கட்டுகளில் அந்த இரட்டை எழுத்தோடு இவ்வூர் பதிவாகியிருந்தால், அன்றைய காதுக்கும் அது நத்தமாகவே கேட்டது என்று கொள்ளலாம்.